இடது தோளில் கனம்

விபத்து நடந்து நாற்பத்தொன்பதாம் நாள். சாயங்காலம் ஆறரை மணி... வெளியே மழை. இது நம் ஹாஸ்டல் நர்ஸ் ஒருத்தியின் சித்தப்பா நேரில் பார்த்தது. எக்ஸ்ரே எடுப்பவர். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

கடைசியாக வந்தது ஒரு அக்காவும் தம்பியும். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் பைக் சறுக்கி, தம்பிக்குக் கழுத்தெலும்பு உடைந்து, பிளேட் வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். பின்னால் இருந்த மனைவிக்குக் காலில் அடியாம். அம்மா வீட்டில் இருக்கிறாளாம். அக்கா சொன்னாள்.

தம்பி எச்சில் விழுங்கினான். டிக்... கழுத்துக்குள்ளிருந்து.

"இடப்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ பிடுங்கிட்டு வருது சார். இன்னும் வந்தா உணவுக்குழாயக் குத்திடுமாம். எதனாலன்னு தெரியாம மறுபடி கைவைக்க மாட்டேன்னுட்டார் டாக்டர். கனம் தூக்கினியான்னு திட்டறார். இவன் சொம்புத் தண்ணிகூடத் தூக்கல."

"செயின், கம்மல் ஏதும் போட்டிருக்கீங்களா?" எல்லோரிடமும் கேட்பதைச் சித்தப்பா கேட்டார்.

"எனக்கா சார், கம்மல்?" தம்பி சிரிக்கப் பார்த்தான். டிக்.

அக்காவை வெளியே அனுப்பினார். "மூச்சைப் பிடிங்க."

ஃபிலிமைக் கழுவி விளக்கில் மாட்டினார். பிளேட். சாய்ந்த இரண்டு ஸ்க்ரூ. இடது தோள்மேல்... இன்னொரு தாடை எலும்பு. காதிருக்கும் இடத்தில் சின்ன வளையம், வெள்ளையாக.

தலையில் அடித்துக்கொண்டார். ஏற்கெனவே எடுத்த ஃபிலிமிலேயே மறுபடி எடுத்துவிட்டால் ஒருத்தர் மேல் இன்னொருத்தர் விழுவார்கள். இந்த வேலையில் எப்போதாவது நடக்கிற தப்புதான். புது ஃபிலிம் பிரித்தார்.

மறுபடி அதே தாடை. இந்த முறை இன்னும் வசதியாகச் சாய்ந்திருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அந்த வளையத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தம்பி, இந்தத் தோள்ல கனமா இருக்கா?"

"முன்னெல்லாம் ராத்திரில மட்டும் சார். இப்ப பகல்லயும். அம்மா வீட்ல அவளுக்குத் தூக்கம் வரலையாம். பைக்ல வந்த மாதிரியே வந்து சாஞ்சுக்கறா. நான் எப்படி எழுப்பறது?"

சித்தப்பா மெல்லக் கேட்டார்: "டாக்டருக்கு நான் என்னம்மா சொல்றது?"

அக்கா சுவரைப் பார்த்தபடி, மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் சொன்னாள்.

"அவ அன்னிக்கு ரோட்லயே செத்துட்டாடா."

தம்பி அசையவில்லை. கழுத்து திரும்பாது. கண் மட்டும் இடப்பக்கம் போனது.

"மெதுவாப் பேசுக்கா... இப்பத்தான் தூங்கினா."