முடிவு மட்டும் சரியில்லை

யுவனேஸ்வரன்: ...எழுத்தாளர் நல்லாத்தான் கொண்டு போறாரு, தங்கச்சி. முடிவு மட்டும் சரியில்ல.

ஷாந்தினி: போன தடவை எடுத்த புத்தகத்துக்கும் இதையேதான் சொன்னீங்க, அண்ணே.

யுவனேஸ்வரன்: எல்லாரும் முடிவுல போய்ச் சொதப்பினா நான் என்ன லா பண்றது?

ஷாந்தினி: மெதுவா... இது லைப்ரரி. பின்னால ஆளுங்க படிக்கிறாங்க. சரி, நீங்க திருப்பிக் குடுத்த இந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் எப்படி? வாங்கி வச்சுக்கிட்டேன், சொல்லுங்க.

யுவனேஸ்வரன்: பாத்திரங்க ரொம்ப அதிகம். பக்கத்துக்குப் பக்கம் புதுசா ஒருத்தர் வராரு, எல்லாரையும் வாழ்த்துறாரு, போயிடறாரு. அடுத்து இன்னொருத்தர் வந்து நன்றி சொல்றாரு.

ஷாந்தினி: நாவல்லயா?

யுவனேஸ்வரன்: நவீன நாவல் லா. அதுல சண்டையே கிடையாது. கெட்டவன்னு ஒருத்தன்கூட இல்ல. எனக்கே ஒரு சந்தேகம்... நம்ம மண்டைக்குத்தான் எட்டலையோன்னு. ஸ்டோர்ல பெட்டி தூக்கிப் பழகின மண்டை, அதுல எவ்வளவு ஏறும்?

ஷாந்தினி: போங்கண்ணே, சும்மா தன்னடக்கம். அந்தப் பச்சை அட்டையைப் பத்தி எவ்வளவு அழகாச் சொன்னீங்க!

யுவனேஸ்வரன்: அது வேற. முதல் பக்கத்துலயே கல்யாணமெல்லாம் முடிஞ்சு புள்ளைக்குக் காது குத்துறாங்க. யாரு, என்ன, எந்த ஊரு... ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வேணும்னா நீயே புரிஞ்சுக்கோன்னு விட்டுட்டாரு. என்னா துணிச்சல்!

ஷாந்தினி: இந்த மாதிரியெல்லாம் எனக்குச் சொல்ல வராது, அண்ணே. சனிக்கிழமை வந்தா நீங்க எப்ப வருவீங்கன்னு கதவைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

யுவனேஸ்வரன்: ஏன் லா கிண்டல் பண்றே? புக்கிட் காத்தில்ல எங்க தாமான் வீடுங்கள்ல போய்க் கேட்டுப் பாரு. யுவனேஸ்வரன்னா, வாசக் கேட்டைப் பூட்டாம வேலைக்குப் போறானே அவனான்னு கேப்பாங்க. வாசகர்னு கூப்பிடற ஒரே ஆளு நீதான்.

ஷாந்தினி: நான் மட்டுமா? மஜீது மாமாவும் உங்களைக் கேட்டாரு. தெங்கேரால கடை வச்சிருக்காரே, அவரு. நீங்க சொன்னீங்களே அந்தச் சிவப்பு அட்டை, மனசை உருக்குற குடும்பக் கதைன்னு... அதை அப்படியே சொல்லி அவர்கிட்ட குடுத்தேன்.

யுவனேஸ்வரன்: அழுதாரா?

ஷாந்தினி: அழல. ரொம்பப் பிரயோசனமா இருக்கும்மான்னாரு. ரெண்டு தடவை ரினியூ பண்ணிட்டாரு, திருப்பியே தர மாட்டேங்கறாரு.

யுவனேஸ்வரன்: பிரயோசனமா? நானெல்லாம் தலகாணி நனைய அழுதேன் மா! பெரிய வீட்டுக்கு ஒரு பொண்ணு வாழ வராளா... ஆளாளுக்கு அவளைக் கொத்திக்கிட்டே இருக்காங்க. சாப்பிட்டியான்னு கேக்க நாதியில்ல. காய்ச்சல்ல விழுந்துட்டா, மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்னு பின்ரூம்ல ஒதுக்கி வச்சிடறாங்க.

ஷாந்தினி: ஐயோ... அவ புருஷன் என்ன பண்றான்?

யுவனேஸ்வரன்: அவனா? மரக்கட்டை! அவ எதிர்ல வந்து நிக்கிறா. ஏதோ சொல்ல வாயெடுக்கிறா. இவன் டிவில ஃபுட்பால் பார்த்துக்கிட்டே 'ம்... ம்'ங்கறான். அவ என்ன சொன்னான்னே அவனுக்குத் தெரியாது.

ஷாந்தினி: அவ்வளவு பழைய தமிழ்நாட்டுப் புத்தகத்துல டிவில ஃபுட்பாலா?

யுவனேஸ்வரன்: எழுத்தாளருக்கு உலக ஞானம் இருக்கு லா. ஆனா அந்தப் புருஷன் மட்டும் என் கையில கிடைச்சான்... ரெண்டு அறை. கேள்வியே கிடையாது.

ஷாந்தினி: சரி, அவனை அப்புறம் அறையலாம். முதல்ல இந்த நாற்காலில உட்காருங்க, அண்ணே. ஒரு விஷயம் சொல்லணும்.

யுவனேஸ்வரன்: என்ன... ஃபைனா? நான் நாள் தாண்டலையே.

ஷாந்தினி: தமிழ் அலமாரியை எடுக்கறாங்க.

யுவனேஸ்வரன்: எங்க எடுக்கறாங்க?

ஷாந்தினி: ஸ்டோருக்கு. அந்த இடத்துல கம்ப்யூட்டர் வருது. நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தட்டு வாங்கியிருக்கேன். இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கி அதுல அடுக்கணும். மத்ததெல்லாம் பெட்டிக்குள்ள போயிடும். ஸ்டோருக்குப் போன புத்தகம் எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல.

யுவனேஸ்வரன்: அடப் பாவமே... எப்ப?

ஷாந்தினி: இன்னிக்கு மத்தியானம் பெரிய ஆபீசர் அம்மா வராங்க. வாங்க அண்ணே, பொறுக்கலாம்.

யுவனேஸ்வரன்: நானா?

ஷாந்தினி: வேற யாரு? இந்த அலமாரில பாதிக்கு மேல படிச்சவரு நீங்கதானே!

யுவனேஸ்வரன்: இல்ல மா... கண்ணாடியை வீட்டுலயே...

ஷாந்தினி: நெத்தி மேல இருக்கு.

யுவனேஸ்வரன்: மோட்டார் பைக்கை மஞ்சக் கோட்டுல நிறுத்திட்டு வந்துட்டேன், ஃபைன் போட்டுடுவாங்க...

ஷாந்தினி: நீங்க பஸ்ல வந்தீங்க. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்.

யுவனேஸ்வரன்: அதையும் பார்த்துட்டியா...

ஷாந்தினி: என்னண்ணே? ஏன் முகம் இப்படிப் போகுது? எனக்காக வேண்டாம். இந்த அலமாரி போச்சுன்னா உங்களுக்குத்தானே நஷ்டம்?

யுவனேஸ்வரன்: தெரியுது மா. அதனாலதான் பயமா இருக்கு. தப்பாப் பொறுக்கிட்டேன்னா...

ஷாந்தினி: நீங்க எப்படித் தப்பாப் பொறுக்குவீங்க?

யுவனேஸ்வரன்: ஷாந்தினி... சத்தம் போடாதே. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஷாந்தினி: என்னது?

யுவனேஸ்வரன்: சத்தம் போடாதேன்னு சொன்னேன்ல! பேச வரும், திட்ட வரும், படிக்க வராது. சின்ன வயசுல எங்க அப்பா வேலை பார்த்த எஸ்டேட்ட வித்துட்டாங்க, நாங்க டவுனுக்கு வந்துட்டோம். வாசல்ல நின்ன பஸ்ல ஏத்தி விட்டாங்க, அது மலாய் ஸ்கூலுக்குப் போச்சு. 'அ' எழுதுன்னா இப்பவும் நண்டு மாதிரிதான் வரையறேன்.

ஷாந்தினி: அப்ப இந்தக் கருத்தெல்லாம்?

யுவனேஸ்வரன்: புத்தகம் என் பொண்டாட்டிக்கு. ஜானகி தமிழ்ப்பள்ளில படிச்சவ. ஃபேக்டரில ஷிப்ட், அவளால இங்க வர முடியாது. நான் எடுத்துட்டுப் போவேன். அவ படுக்கையில உட்கார்ந்து படிச்சுச் சொல்லுவா. நான் கேட்டுக்கிட்டே...

ஷாந்தினி: கேட்டுக்கிட்டே?

யுவனேஸ்வரன்: தூங்கிடுவேன்.

ஷாந்தினி: ஓ... அதான் ஒரு முடிவும் சரியில்லையா!

யுவனேஸ்வரன்: சிரி, நல்லா சிரி. முதல் நாள் நீ 'எப்படி இருந்துச்சு அண்ணே'ன்னு கேட்டே. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்துச்சா? நீ தலையாட்டிக் கேட்டே... அந்த மாதிரி யாரும் என் பேச்சைக் கேட்டதே இல்ல மா. அதுல மயங்கிட்டேன். ஏய்... என்ன, அழறியா?

ஷாந்தினி: சிரிக்கிறேனா அழறேனான்னு எனக்கே தெரியல, அண்ணே. எனக்கும் தெரியாது.

யுவனேஸ்வரன்: என்ன தெரியாது?

ஷாந்தினி: தமிழ் படிக்க.

யுவனேஸ்வரன்: அலாமா! நீதானே தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பு?

ஷாந்தினி: பேரு ஷாந்தினின்னு இருந்துச்சு, தமிழ்ப் பொண்ணுதானேன்னு குடுத்துட்டாங்க. வேலை கிடைச்ச சந்தோஷத்துல நான் வாயே திறக்கல. கோலா சுங்கை பாருல எங்க வீட்டுல யாருக்குமே படிக்கத் தெரியாது. இதெல்லாம் யாரோ தானமாக் குடுத்த பழைய புத்தகம். மேலட்டை கிழிஞ்சு போய் வெறும் கலர் அட்டை போட்டு பைண்ட் பண்ணியிருக்கு. நம்பர் ஒட்டியிருக்கேன், அவ்வளவுதான்.

யுவனேஸ்வரன்: அதான் நீயும் சிவப்பு, பச்சைன்னே பேசறியா? நீ என்னமோ எனக்குப் புரியறதுக்காகச் சொல்றேன்னு நான் நினைச்சேன்!

ஷாந்தினி: நீங்க சொல்ற கருத்தை வச்சுத்தான் அண்ணே மத்தவங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன். உங்களை நம்பி!

யுவனேஸ்வரன்: நல்லா இருக்குது போ. குருடனைப் பிடிச்சுக்கிட்டு நீ ரோடு தாண்டியிருக்கே.

ஷாந்தினி: இப்ப என்ன பண்றது? ஆபீசரம்மா வந்து தலைப்புக் கேட்டா முடிஞ்சுது. அலமாரியோட சேர்த்து என்னையும் ஸ்டோர்ல போட்டுடுவாங்க.

யுவனேஸ்வரன்: இரு, இரு. ஜானகிக்கு இன்னிக்கு லீவு. போன் போடறேன். ஸ்பீக்கர்ல வைக்கிறேன், கிட்ட வா... ஹலோ, ஜானகி?

ஜானகி: என்னங்க? பஸ்ஸை விட்டுட்டீங்களா?

யுவனேஸ்வரன்: இல்ல லா. லைப்ரரில ஒரு அவசரம்.

ஷாந்தினி: அக்கா, நான் ஷாந்தினி. தமிழ் அலமாரியை எடுக்கறாங்கக்கா. ஒரு தட்டுதான் மிச்சம். நீங்க வந்து நல்ல புத்தகமாப் பொறுக்கித் தரணும். அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு.

ஜானகி: எல்லாம்னா?

யுவனேஸ்வரன்: எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். உன் கருத்தைத்தான் இங்க என் கருத்து மாதிரி விட்டுக்கிட்டிருந்தேன்னும் சொல்லிட்டேன்.

ஜானகி: அங்க போய்க் கருத்து வேற சொன்னீங்களா?

ஷாந்தினி: அருமையாச் சொல்லுவாருக்கா! அந்தச் சிவப்பு அட்டையைத்தான் முதல்ல வைக்கணும். அதுக்கு என்ன தலைப்புக்கா? எழுதிக்கறேன்.

ஜானகி: அது... வேண்டாம் மா.

ஷாந்தினி: ஏன்க்கா? அவ்வளவு நல்ல குடும்பக் கதை...

ஜானகி: அது கோழி வளர்ப்பு, மா.

யுவனேஸ்வரன்: என்னது?

ஜானகி: கோழி வளர்ப்பு. தீனி, கூண்டு, சீக்கு வந்தா தனியா ஒதுக்கி வைக்கிறது... அதான் இருக்கு.

ஷாந்தினி: அய்யோ... மஜீது மாமா!

யுவனேஸ்வரன்: பச்சை?

ஜானகி: அது ஏதோ ஒரு தொடர்கதைங்க. மூணாம் பாகம். முதல் ரெண்டும் நீங்க கொண்டு வரவே இல்ல.

யுவனேஸ்வரன்: கறுப்பு?

ஜானகி: கோயில் திருவிழாவுக்குப் போட்ட மலரு. வாழ்த்துரை, நன்றியுரை. அன்னிக்கு டபுள் ஷிப்ட், உடம்பு அலுப்பு. அப்படியே வாசிச்சுட்டேன். அதையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க.

ஷாந்தினி: நவீன நாவல்னு சொன்னாருக்கா.

யுவனேஸ்வரன்: நீ சும்மா இரு லா! ஜானகி... கொண்டு வந்த அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே, இது கதைப் புத்தகம் இல்லன்னு?

ஜானகி: எப்படிங்க சொல்றது? மழையில நனைஞ்சு, புத்தகத்தை மட்டும் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு வந்து நிப்பீங்க. முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம். கோழி வளர்ப்புன்னு சொல்ல மனசு வரல.

ஷாந்தினி: அப்ப இங்க நல்ல புத்தகமே இல்லையாக்கா? தட்டையே விட்டுடவா?

ஜானகி: விட்டுடாதே மா! இருக்கும், நிச்சயமா இருக்கும். இவரு கையில அகப்படல, அவ்வளவுதான். நான் கிராப் டாக்சி பிடிச்சு வரேன். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்து நானே அடுக்கித் தரேன். அந்தம்மா வந்தா பேச்சுக் குடுத்துக்கிட்டிரு.

ஷாந்தினி: வாங்கக்கா, சீக்கிரம் வாங்க! அப்புறம்... எனக்கும் அனா ஆவன்னா சொல்லித் தாங்க.

ஜானகி: வந்து சொல்லித் தரேன். பக்கத்துல நிக்கிறாரே, அவரையும் உட்கார வை.

யுவனேஸ்வரன்: இரு, வச்சுடாதே. அந்தச் சிவப்புப் புத்தகத்துல கதை இல்லன்னா... நீ சொன்னியே, அந்தப் பொண்ணு? சாப்பிட்டியான்னு யாரும் கேக்காத பொண்ணு? நான் அழுதேனே?

ஜானகி: அது புத்தகத்துல இல்லங்க. நானாச் சொன்னது.

யுவனேஸ்வரன்: நீயாவா? அவ்வளவு நல்லாவா? அப்ப அந்தக் கட்டைப் புருஷன்... அவன் எங்கேர்ந்து வந்தான்?

ஜானகி: அவரு புக்கிட் காத்தில்லேர்ந்து பஸ் ஏறி வந்தாருங்க. இப்ப லைப்ரரிலதான் நிக்கிறாரு.