பாசிக் குளமும் துணைக்குழுவும்

...இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். தண்ணின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. குடியிருப்புச் சங்கப் பொறுப்பாளருங்க எல்லாரும் முன் வரிசையிலயே உக்காந்திருக்கீங்க... ரொம்ப வசதியாப் போச்சு. உங்களுக்குன்னே ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். கேளுங்க.

கோயமுத்தூர்ல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பேரு எதுக்கு? கீழே நீச்சல் குளம். விளம்பரப் படத்துல நீலமாத்தான் இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டிருந்தவருக்கு வேற இடத்துல நல்ல வேலை கிடைச்சுது, போயிட்டார். அவ்வளவுதான்... நீலம் பச்சையாச்சு. பச்சை கரும்பச்சையாச்சு. தவளை ஒண்ணு குடும்பத்தோட வந்து குடியேறுச்சு.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் கோதண்டபாணி. நல்ல மனுஷருங்க! யாரையும் திட்ட மாட்டார். யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டார். எதையும் செய்யவும் மாட்டார். சங்கக் கூட்டத்துல அவர் எந்திரிச்சுச் சொன்னார்: "இனிமே ஆளே வேண்டாமுங்க. ரோபோ ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். தண்ணிக்குள்ள விட்டாப் போதும், அதுவே ஊர்ந்து போய்ச் சுத்தம் பண்ணிடும்." எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டுறதுக்கு என்ன, உடம்பா நோகுது?

அங்கே முதல் மாடியில பிலோமினா டீச்சர்னு ஒருத்தங்க. பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவங்க. முழங்கால் மூட்டு மாத்தி ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டார்: "புண்ணு ஆறிடுச்சும்மா. இனி தண்ணிக்குள்ள இறங்கி நடங்க. இந்தக் கொஞ்ச மாசத்துல மடக்கிப் பழகலைன்னா, கால் அப்படியே இறுகிடும்."

டீச்சர் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு சங்கக் கூட்டத்துக்கே வந்தாங்க. "சார், குளம் எப்ப சார் தயாராகும்?"

"பார்த்துட்டே இருக்கோமுங்க டீச்சர்."

ஆமா... பார்த்துட்டே இருந்தாங்க! ஒயர் வெச்ச ரோபோவா, பேட்டரி ரோபோவா? அதுக்கு ஒரு கூட்டம். தரையை மட்டும் தேய்க்குமா, செவுத்துலயும் ஏறுமா? அதுக்கு ஒரு கூட்டம். நம்ம குளத்துல படிக்கட்டு இருக்கே, படியில சிக்கிக்குமா? அதுக்கு டீ, போண்டாவோட ஒரு கூட்டம்! ஒருத்தர் ராத்திரி பகலா வீடியோ பார்த்து அனுப்பறார். இன்னொருத்தர், "அடுத்த வருஷம் இதைவிட நல்ல மாடல் வருதாம்"ங்கறார். உடனே எல்லாரும் தலையை ஆட்டறாங்க. அடுத்த வருஷம்! கால் இறுகறது யாருக்கு? தலையை ஆட்டறது யாரு?

கடைசியில கம்பெனிக்காரரே ஒரு ரோபோவைக் கொண்டாந்து தண்ணிக்குள்ள விட்டுக் காட்டினார். இறங்குச்சு... காணோம். அந்தப் பச்சையில யாருக்கு என்ன தெரியும்? மேலே தூக்கினா, வாய் நிறைய இலையும் சேறும் அடைச்சுக்கிட்டு நிக்குது. அவர் நாணயமான ஆளு. சொல்லிட்டார்: "சார், சுத்தமா இருக்கிற குளத்தை சுத்தமா வெச்சிருக்கத்தான் இது. இந்தப் பாசிக்கு இது ஆகாது. முதல்ல தண்ணியை இறைச்சு, தேய்ச்சுக் கழுவுங்க."

இதுக்கு மேல என்ன வேணும்? பதில் கைக்கே வந்துடுச்சா இல்லையா? கோதண்டபாணி என்ன பண்ணினார்னு நினைக்கறீங்க... துணைக்குழு போட்டார்! "யார் கழுவறதுங்கறதை ஆராய்ஞ்சு முடிவு பண்ணலாமுங்க."

அந்த வாரம் டீச்சர் டாக்டர்கிட்டப் போனாங்க. அவர் காலை மடக்கிப் பார்த்தார். மடங்கலை. "நான் சொன்னேனேம்மா..."ன்னார். ஆபரேஷன் அன்னிக்கு அழாத பொம்பளை, ஆட்டோவுல உக்காந்து வீடு வர்ற வரைக்கும் அழுதாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில குளத்தோரமா விசில் சத்தம். டீச்சர்! கையில பிரஷ்ஷு. ஜன்னல் ஜன்னலாத் தலை எட்டிப் பார்க்குது. எதிர் வீட்டு ஹபீபா ஓடி வந்தாங்க. "என்ன டீச்சர் இது, இந்தக் காலோட?"

"இந்தக் காலுக்குத்தான்மா. நீ வர்றியா, இல்லை நீயும் ஆராயப் போறியா?"

ஹபீபா முந்தானையை இழுத்துச் சொருகினாங்க. இன்னும் ரெண்டு மூணு வீட்டுல இருந்து இறங்கினாங்க. மோட்டார் வெச்சு இறைச்சாங்க. டீச்சர் படியில உக்காந்து, ஒரு காலை நீட்டி வெச்சுக்கிட்டே தேய்ச்சாங்க. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணி விட்டு, மருந்தும் கலந்தாச்சு. ரெண்டு நாள்ல குளம் நீலம்! அத்தனை கூட்டம் போட்டும் நடக்காதது, ரெண்டே நாள்ல!

டீச்சர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி நடந்தாங்க. சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சாங்க. அப்ப வர்றார் கோதண்டபாணி. "சங்கத்துல கேக்காம எப்படிங்க டீச்சர் இறங்கினீங்க? ரோபோ விஷயமே இன்னும் முடிவாகலையே..."

"சார், வாங்கினா வாங்குங்க, வாங்காட்டிப் போங்க. இப்ப அந்தத் துண்டை எடுத்துக் குடுங்க."

எடுத்துக் குடுத்தார். அந்த வருஷம் முழுக்க அந்த மனுஷர் உருப்படியாச் செஞ்ச ஒரே காரியம் அதுதான்!

பின்னாடி ரோபோவும் வாங்கினாங்க. நல்லாத்தான் உழைக்குது, அது மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா டீச்சர் கால்... பாதிதான் மடங்குது. "முன்னாடியே தண்ணியில இறங்கியிருந்தா முழுசா மடங்கியிருக்கும்"னு டாக்டர் சொல்லிட்டார். இன்னைக்கும் மாதா கோயில்ல எல்லாரும் முட்டி போடும்போது, அவங்க மட்டும் நின்னுட்டே இருக்காங்க.

சிரிச்சீங்களே... இப்ப ஏன் சிரிப்பைக் காணோம்?

ஆராயறோம், ஆராயறோம்னு சொல்றீங்களே, அதுக்குப் பேரு ஆராய்ச்சியா? பயம்யா! தப்பாப் போனா நம்ம பேரு கெட்டுடுமேங்கற பயம். தள்ளிப்போட்டா நமக்கு ஒண்ணும் ஆகாது, வேற எவனுக்கோதான் ஆகும்ங்கற தைரியம். நீங்க கூட்டம் போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிடறீங்க. காத்திருக்கிறவனுக்குத் தூக்கம் வருமா?

உங்க சங்கத்துல இப்ப தள்ளிப்போட்டு வெச்சிருக்கிற விஷயம் என்னன்னு எனக்குத் தெரியாது. லிஃப்ட்டோ, தண்ணிக் குழாயோ, தெரு விளக்கோ... எதுவோ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்காகக் காத்துட்டிருக்கிற ஒருத்தர் பேரையாவது உங்களால சொல்ல முடியுமா? சொல்ல முடிஞ்சா நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க. முடியலையா... அந்த நாற்காலியை விட்டு எந்திரிங்க. வேலை செய்யறவங்க யாராவது வந்து உக்காரட்டும்.