சத்வா அறையில் கைப்பற்றப்பட்ட அமெரிக்க சோபா குறித்து

பெயர் சோலைமுத்து, வயது 29, தகப்பனார் பெயர் வீரபாண்டி, சொந்த ஊர் முதுகுளத்தூர். துபாய் சத்வாவில் ஏழு பேருடன் ஓர் அறையில் இருக்கிறேன். டைல்ஸ் பதிக்கும் வேலை. வருகிற வியாழக்கிழமை லீவில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை எனக்கும் நாகவள்ளிக்கும் கல்யாணம். திருட்டுக் கேஸ் பதிவானால் விமானம் ஏற முடியாது.

4.3.2005 வெள்ளிக்கிழமை காலை, ஜுமைராவில் ஒரு வில்லாவின் வெளியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சோபா ஒன்று இருந்தது. தொட்டிக்குள் போட்டால் குப்பை, பக்கத்தில் வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடைமுறை. எங்கள் அறையின் டிவியும் ஃபிரிட்ஜும் அப்படி வந்தவையே. அதன் பிறகு நானும் அறைத்தோழர் கார்மேகமும் இன்னும் இருவரும் சோபாவைச் சுமந்து வந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். சோபாவின் கால்கள் மெலிந்திருந்தன. "மெதுவா உக்காரு மாப்ள, ஒடிஞ்சிரப் போவுது," என்று கார்மேகம் சொன்னார்.

அதன் பிறகு, மூவர்தான் உட்காரலாம் என்பதால் ஆளுக்கு அரைமணி நேரம் என்று முறை எழுதிச் சுவரில் ஒட்டினோம். நான் அதில் கால்மேல் கால் போட்டு எடுத்த போட்டோவை நெட் சென்டரிலிருந்து நாகவள்ளியின் அண்ணனுக்கு அனுப்பினேன். போனில் நாகவள்ளி, "சோபா நல்லாருக்கு. மேல உக்காந்திருக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து வில்லா வாட்ச்மேன் அடையாளம் சொன்னதன் பேரில், ஒரு போலீஸ்காரரும் சோபாவின் உரிமையாளர் அனந்தகிருஷ்ணனும் அவர் மனைவி நளினியும் அறைக்கு வந்தார்கள். அமெரிக்கா விடுதலையடைந்த சில வருடங்களில் செய்த சோபா என்றும், ஏலத்தில் எடுத்தது என்றும், வீட்டில் கரப்பான் மருந்து அடித்ததால் வெளியே வைத்ததாகவும் அனந்தகிருஷ்ணன் சார் சொன்னார். தெருவில் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் நிழல் இருந்ததாம். நான்கு வருடமாக யாரும் கிட்டே போகாதபடி அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்ததும், வீட்டில் ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை என்பதும் நளினி அம்மா சொல்லித் தெரிந்தது.

அதன் பிறகு அம்மா அதில் உட்கார்ந்தார். கார்மேகம் டீ கொடுத்து, "சாரும் உக்காருங்க, இப்ப யாரு முறையும் இல்ல," என்றார்.

"இது இருநூறு வருஷத்துப் பொருள்," என்று சொல்லிவிட்டு சார் நின்றுகொண்டே இருந்தார்.

"எங்க ரூம்ல எட்டுப் பேரு உக்காந்தாச்சு சார்," என்றார் கார்மேகம்.

"கேட்டேளா? உங்களை மட்டும் தாங்காதா, உக்காருங்கோ," என்றார் அம்மா.

சார் உட்கார்ந்தார். எதுவும் ஒடியவில்லை. சிறிது நேரத்தில் இரண்டாவது டீ கேட்டார். போலீஸ்காரர் மூன்றாவது இடத்தில் அமர்ந்தார்.

அதன் பிறகு, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று சார் அங்கேயே மடியில் வைத்து எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை நான் பயணம் செய்யத் தடையில்லை என்று போலீஸ்காரர் சொன்னார். கடிதம் எழுதி முடித்தும் மூவரும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சோபாவைக் கீழே இறக்கத் தாமதமானதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

மேலே உள்ளதை மொழிபெயர்ப்பாளர் கலீலுர் ரஹ்மான் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

ஒப்பம்
சோலைமுத்து