பதினெட்டாம் பக்கம்

கணவன்: இரு, இரு... அவசரப்படுத்தாத. இந்தக் கொக்கி எங்கயோ மாட்டிக்கிச்சு.

மனைவி: இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு இந்த பிளேன் பெல்ட்டைக் கழட்டத் தெரியல.

கணவன்: லிஃப்ட்ல பெல்ட் கிடையாதும்மா.

மனைவி: இந்தப் பக்கம் சாயுங்க, நான் எட்டி... வேணாம், வேணாம். பொண்ணே கையை நீட்றா பாருங்க.

கணவன்: ஏய், ஏய், மெதுவா.

மனைவி: கழட்டிட்டா.

கணவன்: மூடியைத் தூக்கினா, டக்குனு வந்துடுச்சு. அதுவும் ஒத்தைக் கையால. ஆறு வயசு.

மனைவி: இன்னொரு கைதான் அவ கொண்டுவந்த பையை விடவே மாட்டேங்குதே.

கணவன்: ரொம்ப நன்றிங்க, முதலாளி.

மனைவி: நீங்க பேசறது அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது.

கணவன்: நீ பேசறது எனக்குப் புரியாமயே பதினோரு வருஷம் குடும்பம் நடத்தலையா?

மனைவி: போதும். பையனை இப்படிக் கொடுங்க, ஜன்னல்ல மேகம் காட்டறேன். உங்க பக்கத்துல உக்காந்து முன் சீட்டை உதைச்சுக்கிட்டே இருக்கான். அந்தப் பெரியவர் ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டார்.

கணவன்: என் ஆளை உன்கிட்ட கொடுத்தா எனக்கு யார் துணை? நாமதான் பேசி வச்சோமே. உனக்குப் பொண்ணு, எனக்குப் பையன்.

மனைவி: அஞ்சு நிமிஷம்தாங்க... வாடா என் கண்ணு. அக்கா மடியைத் தாண்டி வா. ம்... அங்க பாரு.

கணவன்: என்ன பண்றான்?

மனைவி: வாயைத் திறந்தவன் மூடவே இல்ல.

கணவன்: நானும் அப்படித்தான் இருக்கேன், நீதான் கவனிக்கல. நாமளே முதல் தடவை. மூணு மாடி உயரத்துல ஒரு பெட்டி தொங்கினாலே எத்தனை கயிறு, எத்தனை சக்கரம் வேணும்னு எனக்குத் தெரியும். இது ஒரு கயிறும் இல்லாம முந்நூறு பேரைத் தூக்கிக்கிட்டுப் போகுது. ஒருத்தரும் பயப்படல, ஜூஸ் குடிக்கறாங்க.

மனைவி: மேகத்தைப் பாத்துக் கையாட்டறான் இவன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா. ஒண்ணையும் விடல.

கணவன்: வழியனுப்ப வந்திருக்குன்னு நெனைக்கறான்.

மனைவி: எப்படிப் பளபளன்னு இருக்கு... பஞ்சைப் பிச்சுப் போட்டு நடுவுல விளக்கேத்தி வச்ச மாதிரி. இத்தனை வருஷம் இதுக்குக் கீழ நின்னுதானே துணி காயப்போட்டேன். மேல இப்படி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல.

கணவன்: பொண்ணு பாக்கறாளா?

மனைவி: இல்ல. அவன் கணுக்காலைப் புடிச்சுக்கிட்டிருக்கா. விழுந்துடுவான்னு பயம் போல. ஏறினதுலேர்ந்து ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலைங்க.

கணவன்: ...ஜூஸ் வேணுமா உனக்கு?

மனைவி: முதுகைத்தான் காட்றா. ஹோட்டல்லயும் அப்படித்தான். குளிப்பாட்ட விட்டா, தலை வாரவும் விட்டா. எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுதான். ராத்திரி ஷூவைக் கழட்டாமக் கட்டில் ஓரத்துல உக்காந்தவ, காலைல நான் எழுந்தப்பவும் அப்படியே உக்காந்திருந்தா. ரெண்டு ராத்திரியா கண்ணை மூடலைங்க அந்தக் குழந்தை.

கணவன்: புது இடம்...

மனைவி: என்னைப் பிடிக்கலையோ என்னமோ. பையன் உங்ககிட்ட ஒட்டிக்கிட்டான். இவளுக்கு நான் வேணாம்னா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?

கணவன்: அப்படில்லாம் பேசாத. ஆளுக்கு ஒருத்தரைப் பழக்கிக்குங்க, ஒரு வாரத்துல சரியாகிடும்னு குழந்தைங்க விடுதி அம்மா சொன்னாங்க இல்ல?

மனைவி: வேற ஏதாவது சொன்னாங்களா அவங்க?

கணவன்: ...வேற என்ன? பல்லு விழற வயசு, பால் பிடிக்காது. அவ்வளவுதான்.

மனைவி: ம்.

பணிப்பெண்: மேடம், டம்ளர் எல்லாம் எடுத்துக்கலாமா? அட, பாப்பா ஏற்கெனவே அடுக்கி வச்சுட்டாளே. மேசையை மூடி, கொக்கியைக்கூடத் திருப்பி விட்டிருக்கா. நிறைய தடவை பிளேன்ல வந்திருக்காளோ?

கணவன்: இல்லைங்க, முதல் தடவை.

மனைவி: முதல் தடவைதான்.

பணிப்பெண்: அப்படியா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்றீங்க...

கணவன்: பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா. கெட்டிக்காரி.

மனைவி: சில குழந்தைங்க அப்படித்தான்.

பணிப்பெண்: எங்க பாப்பா, எழுந்துட்ட? தம்பியும் கூடவா?

மனைவி: பாத்ரூம் போகணும் போல. என்னங்க, நீங்க கூடப் போங்க.

கணவன்: நான் எதுக்கு? போன தடவை அந்தக் கதவை நான் இழுக்கறேன், இழுக்கறேன், வரவே இல்ல. பின்னாடி நாலு பேர் நின்னுட்டாங்க. இவதான் என்னைத் தள்ளிவிட்டுட்டு நடுவுல ஒரு குத்து விட்டா. மடங்கித் திறந்துடுச்சு.

பணிப்பெண்: நான் பாத்துக்கறேன் சார். அவ பேசற பாஷை எங்க சீனியருக்கு நல்லாத் தெரியும். பின்னாடி சாப்பாடு வைக்கற பேன்ட்ரியிலதான் இருக்காங்க. ஏதாவது கேக்கணுமா அவகிட்ட?

மனைவி: கேளுங்களேன்... ஏன் தூங்க மாட்டேங்கறான்னு கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்.

பணிப்பெண்: சரிங்க மேடம். வா பாப்பா.

கணவன்: அதை எதுக்குக் கேக்கச் சொன்ன? குழந்தை ஏதாவது... உளறும்.

மனைவி: உளறட்டுமே. என்ன பயம் உங்களுக்கு?

கணவன்: எனக்கென்ன பயம். பிளேன் ஆடுது, அதான்.

மனைவி: பிளேன் ஆடல. அவ நடக்கறதைப் பாத்தீங்களா? தம்பியை முன்னாடி விட்டு, ரெண்டு பக்கமும் சீட்டைத் தொட்டுத் தொட்டு, யார் கால்லயும் இடிக்காம. வீட்டைக் கட்டி ஆள்ற பொம்பளை மாதிரி இருக்கு. நமக்குப் பொறந்திருந்தா இப்படி ஒண்ணு வந்திருக்குமா?

கணவன்: நமக்குப் பொறந்திருந்தா பெல்ட்ல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கும்.

மனைவி: வர்றாங்க. முகமே சரியில்லையே...

கணவன்: என்னங்க, குழந்தைங்க எங்க?

பணிப்பெண்: அங்கதான் சார், சீனியர்கிட்ட பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. வந்து... மேடம், அவ சொன்னதை அப்படியே சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க.

மனைவி: சொல்லுங்க.

பணிப்பெண்: இறங்கினதும் நானும் தம்பியும் போறது ஒரே வீடா, வேற வேற வீடான்னு கேக்கறா. அந்த ஆள் தம்பியைத்தான் குளிப்பாட்டறார், இந்த அம்மா என்னைத்தான் குளிப்பாட்டறாங்க, கட்டில்கூடத் தனித்தனி, அதனால ஆளுக்கு ஒருத்தரைப் பிரிச்சுக்கிட்டாங்கன்னு சொல்றா.

மனைவி: கடவுளே...

பணிப்பெண்: வேற வேற வீடுன்னா, போன தடவை மாதிரி தூங்க மாட்டாளாம். தூங்காம இருந்தா தம்பிகிட்ட திருப்பி அனுப்பிடுவாங்களாம். முதல் தடவைன்னு சொன்னீங்களே சார்... சரி, அந்தப் பக்கம் கூப்பிடறாங்க. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். என்ன பதில் சொல்லணும்னு யோசிச்சு வைங்க.

மனைவி: நம்மளைப் பிடிக்காம இல்லைங்க. எனக்கு முதுகைக் காட்டல அவ. உங்க பக்கம் திரும்பித் தம்பியைப் பாத்துக்கிட்டிருந்திருக்கா. மூணு நாளா காவல் காத்திருக்கா.

கணவன்: நான் உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

மனைவி: ம்.

கணவன்: அந்த விடுதி அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நீ வெளிய இவளுக்கு ஷூ அளவு பாத்துக்கிட்டிருந்த. நாலு வயசுல இவளை மட்டும் ஒரு குடும்பம் கூட்டிட்டுப் போயிருக்கு, இதே மாதிரி கடல் தாண்டி. தம்பி அப்ப கைக்குழந்தை, நெஞ்சுல சளி, அனுப்பக்கூடாதுன்னுட்டாராம் டாக்டர். நல்ல மனுஷங்கதானாம். ஆனா இவ தூங்கவே மாட்டாளாம். ரெண்டு மணி நேரம் கண் அசந்தா அதுவே பெரிசாம். டாக்டர், மருந்து எல்லாம் பாத்துட்டு, மூணு மாசத்துல கொண்டுவந்து விட்டுட்டாங்களாம். வந்ததும் நேரா தம்பி தொட்டில்கிட்ட போனவ, அதுக்குக் கீழயே படுத்து ஒரு நாள் முழுக்கத் தூங்கினாளாம்.

மனைவி: ஒண்ணரை நாள்.

கணவன்: என்னது?

மனைவி: ஒரு நாள் இல்லைங்க, ஒண்ணரை நாள். அவ ஃபைல்ல மூணாவது பாராவுல போட்டிருக்கு.

கணவன்: நீ... எப்போ படிச்ச?

மனைவி: அச்சகத்துல உக்காந்து தினமும் புரூஃப் பாக்கறவகிட்ட நாப்பது பக்க ஃபைலைக் கொடுத்துட்டு, ஒரே ஒரு பக்கத்தை உருவிட்டா தெரியாதுன்னு நெனைச்சீங்களா? பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பது வருது.

கணவன்: நீ கேக்கவே இல்லையே.

மனைவி: கேட்டா நீங்க பொய் சொல்லணும். நீங்க பொய் சொல்றதை என்னால பாக்க முடியாது, காது சிவந்துடும் உங்களுக்கு. எங்க வச்சிருக்கீங்க?

கணவன்: ஷூவுக்குள்ள.

மனைவி: மூணு நாளா மிதிச்சுக்கிட்டேவா நடக்கறீங்க? இறங்கற இடத்துல ஆபீசர் பதினெட்டாம் பக்கம் எங்கன்னு கேட்டா?

கணவன்: கழட்டி நீட்டியிருப்பேன்... சிரிக்காத. திருப்பி அனுப்பின குழந்தைன்னு தெரிஞ்சா நீ பயந்துடுவேன்னு நெனைச்சேன். ஏற்கெனவே ஏழு வருஷம் காத்திருந்து காத்திருந்து நொந்து போயிருந்த. அந்த ரூம்லயே முடிவு பண்ணிட்டேன். நாலு வயசுல ஒரு புள்ள, பாஷை தெரியாத ஊர்ல, யார்கிட்டயும் ஒரு வார்த்தை கெஞ்சாம, வெறுமனே தூங்காம இருந்தே கடலைத் தாண்டித் தம்பிகிட்ட வந்து சேந்திருக்கா. கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய வந்தேன்.

மனைவி: அதான் அன்னிக்குத் தூசி விழுந்துடுச்சுன்னு கண்ணைக் கசக்கினீங்களா?

கணவன்: தூசியும் விழுந்துச்சு.

மனைவி: நானும் உங்களைப் பத்தி அதேதான் பயந்தேன். பதினெட்டாம் பக்கத்தைப் பாத்தா பின்வாங்கிடுவீங்கன்னு.

கணவன்: அப்ப நீ எப்பலேர்ந்து...

பணிப்பெண்: மேடம், சொல்லுங்க. அங்க நின்னு இங்கயே பாத்துக்கிட்டிருக்கா.

மனைவி: ஒரே வீடுன்னு சொல்லுங்க. மூணாவது மாடி. நாலு பேருக்கும் ஒரே கதவு, ஒரே சாவி. ஒரே பாத்ரூம்தான், காலைல சண்டை வரும்னு சொல்லுங்க. இனிமே யார் யாரைக் குளிப்பாட்டறதுன்னு மாத்தி மாத்திச் செய்வோம். எங்க தப்புதான்னும் சொல்லிடுங்க.

கணவன்: லிஃப்ட் பாதி நாள் ஓடாதுன்னும் சொல்லிடுங்க. இன்னொரு தடவை ஏமாந்தோம்னு நெனைக்கக் கூடாது.

பணிப்பெண்: சரி சார். இதோ.

கணவன்: அந்த சீனியர் முட்டி போட்டுச் சொல்றாங்க... கேக்கறா. தலையாட்ட மாட்டேங்கறாளே.

மனைவி: சும்மா இருங்க.

கணவன்: திருப்பி ஏதோ கேக்கறா. விரலை நீட்டி என்னைக் காட்றா. நான் என்ன பண்ணேன்?

மனைவி: இதோ வர்றாங்க, சொல்லுவாங்க.

பணிப்பெண்: மேடம், ஒரே வீடுங்கறதை நம்பறாளாம். ஆனா இன்னொண்ணு இருக்காம். சார் விடுதியில எல்லார்கிட்டயும் பர்ஸ்லேர்ந்து தம்பி போட்டோவை எடுத்து எடுத்துக் காட்டினாராம். இவங்க கேட்டது தம்பியைத்தான், நான் கூட வர்றவதானேங்கறா. கூட வர்றவளைப் பிடிக்கலன்னா, அவளை மட்டும் திருப்பி அனுப்புவீங்களான்னு கேக்கறா.

கணவன்: ஐயோ, அந்த போட்டோ... பல்லு ரெண்டு தெரியச் சிரிச்சான்னு ஆறு மாசமா வச்சிருந்தேன். என்ன பதில் சொல்றது இப்ப? நாம பையனைத்தானே கேட்டோம், அக்கா இருக்கான்னு அவங்கதானே அப்புறம் சொன்னாங்க. பொய் சொல்லவும் மனசு வரல...

மனைவி: பொய் சொல்ல வேணாங்க. உங்ககிட்ட நான் காட்டினது மட்டும்தான் பையன் போட்டோ. நான் எழுதிக் கேட்டது இவளை. பதினெட்டாம் பக்கத்தோட நகல் ஆறு மாசத்துக்கு முன்னாடியே விடுதியிலேர்ந்து எனக்கு வந்துடுச்சு. படிச்ச அன்னிக்கே, இந்தப் பொண்ணை எங்களுக்குக் கொடுப்பீங்களான்னு எழுதினேன். தம்பி இல்லாம அவ வரமாட்டான்னு பதில் வந்துச்சு, ரெண்டு பேரையும் கொடுங்கன்னேன்... போய்ச் சொல்லும்மா அவகிட்ட. நாங்க கேட்டு வந்தவ அவதான். கூட வந்தவன் தம்பிதான்.