குணமடைந்தவரின் புகைப்படம்

ஃபிளெக்ஸில் என் தலைமுடியைத் தேவைக்கு மேல் கறுப்பாக்கிவிட்டார்கள், இன்ஸ்பெக்டர். மற்றபடி அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

தாடிக்கொம்பு சாலையில், என் மருத்துவமனைக்கு எதிரே, புதிய சிகிச்சைப் பிரிவின் திறப்பு விழாவுக்காக வைத்தோம். இரைப்பைப் புற்றை அறுத்தெடுத்த கையோடு, சூடாக்கிய மருந்தை வயிற்றுக்குள் ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தையும் அழிக்கும் சிகிச்சை. ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டோம். பாதுகாப்பானதுதான், தகுந்த நோயாளிக்கு. இந்தப் பின்பாதிக்கு இடம் போதவில்லை. திறப்பு விழாப் பிரமுகரின் படம் பெரிது.

நம் ஊரில் விழாவுக்கு முன்பே ஃபிளெக்ஸ் ஏறிவிட வேண்டும். ஆகவே முதல் நோயாளி ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரின் படத்தை, ‘பூரண குணமடைந்தார்’ என்ற வாசகத்தோடு அறுவைக்கு முன்பே ஏற்றினேன். சாணார்பட்டியிலிருந்து வந்து இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, வயித்துல இன்னும் கத்தியே வைக்கல, அதுக்குள்ள குணமாக்கிப்புட்டீங்களே? நானெல்லாம் பரிச்சைக்கு முன்னாடி மார்க் போட்டதில்லப்பா” என்று சிரித்தார்.

அவர் மனைவி ரோசலின் சிரிக்கவில்லை. “அந்தச் சூட்டு மருந்து தாங்குவாரா டாக்டர்?” என்றார்.

“வெந்நி ஒத்தடம் மாதிரிதாம்மா, உள்ளுக்குள்ள” என்றேன். மருத்துவத்தை இவ்வளவு எளிமையாக விளக்கும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அறுவை அருமையாக நடந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டேன். அப்போது மயக்க மருத்துவர் நஸீரா குறுக்கிட்டார்.

“சார், இவரு கிட்னி ஏற்கெனவே அரைகுறை. இந்த மருந்து அதைத்தான் மொதல்ல அடிக்கும். ரிப்போர்ட்ட பாத்தீங்கல்ல? இம்புட்டோட தச்சுருவோம்.”

பார்த்திருந்தேன்.

“வெளியில ஃபிளெக்ஸ் நிக்குதேம்மா.”

“அதுக்குக் கிட்னி இல்லயே சார்.”

கெட்டிக்காரப் பெண். மேடைக்குத்தான் லாயக்கில்லை. சூட்டு மருந்து இயந்திரத்தை நானே ஓடவிட்டேன்.

மறுநாள் பிரமுகர் ரிப்பன் வெட்டினார். சிகிச்சையின் பாதுகாப்பு குறித்து நான் உரையாற்றினேன், நல்ல கைதட்டல். மாடியில் வாத்தியாருக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. டயாலிசிஸுக்கு மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்று நஸீரா கெஞ்சினார். விழா நாளில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் பார்வைக்கு நன்றாக இராது. விருந்து முடியட்டும் என்றேன். விருந்துக்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் போகட்டும் என்றேன். அவர்கள் போனபோது ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸும் என் செலவுதான். “வேற போட்டோ இருக்கா சார்?” என்று கேட்டான் ஃபிளெக்ஸ் கடை சோலைமுத்து. எதற்கு? முகம் அதேதானே.

ஆம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஃபிளெக்ஸைக் கழற்றச் சொல்லி ரோசலின் அம்மா தினமும் வந்து நிற்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அவருக்குப் புற்றுநோய் திரும்ப வரவே இல்லை.