கூரை ஓட்டையில் வெள்ளித்தாள்

“இதுல முன்னாடி யாரு இருந்தாங்கன்னு சொல்லு சித்தி. அப்புறந்தான் சாவிய வாங்குவேன்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வந்த அன்றே கென்ட்ராவுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தக் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்க வண்டியிலேயே குடியிருக்கிறவர்களின் எழுதாத சட்டம் அது. எதை விட்டு ஓடி வந்தாய், உன் வண்டியில் முன்பு யார் படுத்தார்கள்... இரண்டையும் யாரும் கேட்பதில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நீங்களும் கேட்டதில்லை. நானும்தான்.

கென்ட்ரா என் தோழி ஷைலினுடைய அக்கா. அவர்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். முழுநேர வேலை இருந்தும் நகரத்தில் ஓர் அறைக்கு வாடகை கட்ட முடியவில்லை. சிரிக்காதீர்கள், எனக்கும் அதே கதைதான். வண்டியிலேயே குடியேறிவிடுவது என்று கிளம்பினாள். எதை வாங்குவது என்று தெரியவில்லை. வருடக்கணக்காக இங்கேயே கிடக்கும் சித்தி லூயெல்லாவிடம் வந்தாள். பெற்ற அம்மாவைவிடச் சித்தியைத்தான் நம்பினாள்.

சித்தி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெரிய மோட்டார் வீடா, பெட்ரோலுக்கே உன் சம்பளம் போய்விடும் என்றாள். வேனா, அது ரிப்பேருக்குப் போகிற அன்றைக்கு உன் வீடும் சேர்ந்து போகும், தெருவில் நிற்பாய் என்றாள். கடைசியில் தன் வண்டிக்குப் பின்னால் நின்ற, சக்கரம் வைத்த ஒற்றை அறை மாதிரியான சின்ன டிரெய்லரைக் காட்டினாள். உன் பழைய காரே இதை இழுக்கும், விலையை நீயே சொல் என்றாள்.

கென்ட்ரா அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். சித்தி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“பட்டதாரி ஆரம்பிச்சிட்டா. ஏண்டி, உங்க ஹாஸ்டல் கட்டில்ல முன்னாடி யாரு படுத்தான்னு கேட்டுட்டா படுத்தே?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு கிழவர் சிரிக்காமல் எழுந்து போனார். கென்ட்ராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டாள்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்ட நேரம். தள்ளிக் கொண்டுபோய் நிறுத்து, அது பக்கத்தில் நின்றால் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றாள் சித்தி. ஏன் என்று கென்ட்ரா கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? வறண்ட ஓடையை ஒட்டிய மண் பாதையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனாள். ஆள் இல்லை. விளக்கு இல்லை. லாரிச் சத்தம்கூட எட்டவில்லை.

உள்ளே போனதும், பழைய டிரெய்லர் வாங்குகிற எவரும் செய்வதைச் செய்தாள். சுவரெல்லாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். எங்கும் உளுத்துப் போகவில்லை. ஈர அட்டை வாசனை. அதற்கு அடியில், லேசாக, புதினா தைலம். கூரையில் காற்றுக்காக விட்ட சதுர ஓட்டையை வெள்ளித்தாள் வைத்து அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. சாமானெல்லாம் பழசு. டேப் மட்டும் புதுசு.

குளிருக்கு நாம் எல்லோரும் செய்கிற வேலைதானே? அவளும் அப்படித்தான் நினைத்தாள். கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டுப் படுத்தாள்.

சர்ர்ர்...

டேப் உரிகிற சத்தம். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி... சர்ர்.

எழப் பார்த்தாள். தலை பாறாங்கல்லாகக் கனத்தது. கையைத் தூக்க முடியவில்லை. புதினா வாசனை மூக்குக்கு நேர் மேலே வந்து நின்றது, யாரோ குனிந்து பார்க்கிற மாதிரி. பிறகு ஐஸ் மாதிரிக் காற்று முகத்தில் விழுந்தது.

தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளி, மணலில் விழுந்து வாந்தி எடுத்தாள். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். வெள்ளித்தாள் ஓர் ஓரத்தில் தொங்கியது. ஓட்டையின் மூடியைத் திறக்கிற கைப்பிடி... இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கேயே கிடந்து யோசித்தாள். அப்புறம் வந்த பாதையிலேயே நடந்தாள்.

சித்தி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

“உரிச்சிட்டாளா?”

பிறகு அவளாகவே சொன்னாள். டிரெய்லர் பெர்னீஸுடையது. சித்தியின் சிநேகிதி. குளிருக்கு மார்பெல்லாம் புதினா தைலம் பூசிக்கொண்டு நடுங்குவாளாம். பாவம் என்று சித்திதான் அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தாள். கேஸ் ஹீட்டரின் நச்சுக்காற்று வெளியே போக வழியில்லாமல் போனது. மறுநாள் பெர்னீஸ் கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகும், வாங்க வருகிற ஒவ்வொருவருக்காகவும், சித்தி புது டேப் ஒட்டிவைத்தாள். திறந்து கிடந்தால் குளிர்கிறது என்று யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம்.

“நீ படிச்சவ. பேய்க்கெல்லாம் பயப்படமாட்டேன்னு நெனச்சேன்.”

“பேய்க்கு நான் பயப்படல சித்தி. டேப்ப ஒட்டுனது நீ.”

சித்தி காப்பியை அவள் பக்கம் நகர்த்தினாள். குரல் கனிவாகத்தான் இருந்தது என்கிறாள் ஷைலின். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கோவப்படாத கண்ணு. அவளுக்கு உன்னப் புடிச்சிருக்கு. முன்னாடி வந்த ரெண்டு பேருக்கு அவ உரிக்கவே இல்ல.”

கென்ட்ரா காப்பியைத் தொடவில்லை. டிரெய்லரை ஓடையோரமே விட்டுவிடுவது, இனிக் காருக்குள்ளேயே படுப்பது, இந்த மனுஷியின் முகத்தில் இனி விழிப்பதில்லை... எல்லாம் மணலில் கிடந்தபோதே முடிவானது. எழுந்து படியிறங்கினாள்.

“கதவச் சாத்திட்டுப் போடி. குளுருது.”

அவள் சாத்தவில்லை.