முன்னூறு வாட்டு

"முன்னூறு வாட்டுல போயிருச்சுண்ணே அந்த மனுசன் பேச்சு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் காதுகொடுத்தேன். போடியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருவர். பேசியவர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

"வேல வேகமா நடக்கும்னு பழைய கம்ப்யூட்டர்ல புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். 'பவர் சப்ளை முன்னூறு வாட்டுதான், தாங்காது, அதையும் மாத்துங்க'ன்னு கடைக்காரரு சொன்னாக. பத்து வருசமா ஓடுனது இப்ப ஓடாமலா போயிரும்னு விட்டுட்டேன். மூணாம் நாளு வெடிச்சு, ஹார்டு டிஸ்கையும் அதுல இருந்த கல்யாண வீடியோவையும் சேத்து எரிச்சிருச்சு."

"கேமரா கார்டுல இருக்கும்ல?"

"அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சிட்டேன்."

"அப்ப பொண்ணு வீட்ல உண்மையச் சொல்லிரு. வேற வழியில்ல."

"எப்படிண்ணே சொல்ல? கல்யாணம் முடிஞ்சு ஒரே மாசத்துல பொண்ணோட அப்பா தவறிட்டாக. மண்டபத்துல மகளப் பத்தி மைக்குல ரெண்டு நிமிசம் பேசுனாக. ஆல்பம் கூட வேணாம், அப்பா பேசுனத மட்டும் குடுங்கன்னு அந்தப் பிள்ள தெனமும் போன் போடுது. இன்னைக்கு பண்ணைப்புரத்துக்கு நேர்லயே வாரேன்னு சொல்லிட்டேன்."



பண்ணைப்புரத்தில் பஸ் நின்றது. "பண்ணைப்புரம் எறங்கு" என்று கண்டக்டர் இருமுறை குரல் கொடுத்தார். வீடியோக்காரர் எழுந்து கம்பியைப் பிடித்தார். படிக்கட்டைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கம்பத்துக்கு ஒண்ணு குடுங்க" என்றார் கண்டக்டரிடம்.